காகிதம் எடுக்காத புத்தக அலமாரி

காகிதத்தின் மேல் துணியை வைத்துத் தைக்கும்போது தையல் நெருக்கமாக விழ வேண்டும். நெருக்கமாக இருந்தால்தான் கடைசியில் காகிதம் அலுங்காமல் கிழிந்து வரும். இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்பில் நூலும் சேர்ந்து பிரிந்துவிடும். முப்பத்திரண்டு வருடம் தையல் டீச்சராக வேலை பார்த்தவள் நான், ஆனாலும் இந்த வேலையை மட்டும் ஓய்வு பெற்ற பிறகு, என் தம்பி மகள் பெனிட்டாவின் போனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா, வாயால் சொன்னால் போதும், ரைட்டர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். ரைட்டரின் கையெழுத்தைப் பார்த்தேன். நானே எழுதித் தருகிறேன். காலையிலிருந்து நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது, அந்தக் காகிதங்களை ஏன் எரிக்கவில்லை என்பது. பதில் சின்னதுதான். அவற்றின் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளை நான் எறிந்ததே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில்தான் பிள்ளைகளுக்கு ஜாக்கெட் வெட்டு வரையக் கற்றுக்கொடுத்தேன். எல்லாரும் என்னைக் கஞ்சப் பிசினாரி என்பார்கள். லூர்து மேரி டீச்சர் செத்தால் சவப்பெட்டியின் அடிப்பக்கத்தையும் வரைந்து பார்ப்பாள் என்று ஹெட்மாஸ்டரே கேலி செய்திருக்கிறார்.

எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றி வருத்தமும் இல்லை. வேலையில் இருந்தவரை நாள் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சல். ஓய்வு பெற்ற பிறகுதான் வீடு என்னவென்று தெரிந்தது. காலை, மதியம், மாலை என்று கோயில் மணி மூன்று வேளையும் அடிக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. ஒரு தடவை எனக்குத் தொண்டை கட்டிப்போய்க் குரலே வரவில்லை. அது எனக்குத் தெரிந்தது நாலாவது நாள், சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் பேச வாயைத் திறந்தபோது. அதுவரை பேசுவதற்கு யாரும் வாய்க்கவில்லை. அன்றைக்குப் பயந்துபோனேன்.

பெனிட்டா வந்தது அதற்கடுத்த வருடம். என் தம்பி இஞ்ஞாசிமுத்து மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தான். மாரடைப்பில் போய்விட்டான். அவன் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். பெண் உத்தமபாளையத்தில் காலேஜ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். ஒன்றில் துணி, ஒன்றில் முழுக்க ஆங்கிலக் கதைப் புத்தகங்கள். டிராகன், சூனியக்காரி, பேசும் ஓநாய் இப்படி. வந்த மறுநாள் காலை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டில் வேறொரு ஆள் குளிக்கிற சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நின்று அழுதேன்.

அவள் கண்ணில் கோளாறு இருப்பது காலேஜில் நடந்த முகாமில் தெரியவந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் நீர் அழுத்தம், இந்த வயதில் வருவது அபூர்வம் என்றார்கள். காலையும் மாலையும் சொட்டு மருந்து, ஆயுளுக்கும். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். டாக்டர் ஒரு முறைதான் சொன்னார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரும், விலாசமும், போன் நம்பரும் எழுதினேன்.

போர்வை அவள் யோசனை. சின்னச் சின்னத் துணித் துண்டுகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற கனத்த போர்வை. போர்வை முழுக்க ஒரு மாய அலமாரி. தட்டுத் தட்டாகப் புத்தகங்கள். நடுநடுவே நீல மருந்துக் குப்பி, ஜாடிக்குள் ஒரு கோட்டை, உச்சித் தட்டில் சுருண்டு தூங்குகிற டிராகன். ஒவ்வொரு புத்தகத்தையும் காகிதத்தில் வரைந்து, எண் போட்டு, காகிதத்தின் பின்பக்கம் துணியை வைத்து, முன்பக்கக் கோட்டின் மேல் தைக்க வேண்டும். தைத்து முடித்தால் எல்லாம் இடம்வலமாக மாறியிருக்கும். நான் அதை மறந்து முதல் டிராகனைத் தைத்துவிட்டேன்.

"அத்தை, ஒங்க டிராகன் கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் படுத்துருச்சு" என்று பெனிட்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கெடக்கட்டும். பசிச்சா தானா திரும்பும்" என்றேன்.

அந்த மாதங்களைப் போல என் ஆயுளில் நான் சந்தோஷமாக இருந்தது இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மதுரையில் நூலகப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது.

"ஜூன்ல ஹாஸ்டலுக்குப் போயிருவேன் அத்தை. இந்தப் போர்வைய அங்கன விரிச்சுக்கிருவேன். லீவு விட்டா இங்கன ஓடியாந்துருவேன்."

"நல்லதுத்தா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு உலைக்கு அரிசி எடுக்கப் போனேன். இரண்டு பேருக்கு அளந்த கை நின்றுவிட்டது. ஜூனிலிருந்து பழையபடி அரை டம்ளர்தான். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

அவளுக்குச் சொட்டு மருந்து வாங்கி வருவதும் கண்ணில் விடுவதும் என் வேலை. அந்த வாரம் வாங்கிய புதுக் குப்பியின் மூக்கைக் கழற்றி, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, தண்ணீர் நிரப்பினேன். நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, சுத்தமான சிரிஞ்சில் எடுத்துத்தான் நிரப்பினேன். கண் விஷயம், கிருமி பட்டுவிடக் கூடாது. அன்று மாலை மடியில் தலைவைத்துப் படுத்தாள். விட்டேன்.

"புது மருந்து எரியவே இல்ல அத்தை" என்றாள். முன்னதை விடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள், பாவம். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது.

நான் நினைத்தது இவ்வளவுதான். லேசாக மங்கட்டும். ஊர் விட்டு ஊர் போகப் பயப்படுகிற அளவுக்கு. கொஞ்சம் மங்கியதும் மருந்தைத் திரும்ப ஆரம்பித்துவிடலாம் என்று ஒவ்வொரு குப்பிக்கும் நினைத்தேன். மாதத்துக்கு ஒரு முறை பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். கோபப்பட்டதை, புறம் பேசியதை எல்லாம் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லத் தோன்றியதே இல்லை. பாவம் என்று பட்டால்தானே சொல்வதற்கு.

செக்கப் எப்போது என்று அவள் கேட்பாள். "தேதிய அவுகளே சொல்லிவிடுவாக" என்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஊர் மாறிப் போய்விட்டாள், வேறு இடத்தில் பார்க்கிறோம் என்றேன். அப்படியும் கடிதம் வந்தது. நல்ல கெட்டித் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது. அதை மூன்றாக வெட்டி, பின்பக்கம் புத்தகம் வரைந்தேன். அடுத்தடுத்து வந்தவற்றையும் அப்படித்தான். வெட்டி வரைவது நான், துணி தேர்ந்தெடுப்பது அவள், தைப்பது நான். அச்செழுத்து இருக்கும் பக்கம் துணிக்கு அடியில் போய்விடும்.

மே மாதம் பஸ் ஸ்டாண்டில், பக்கவாட்டில் வந்த பைக்கை அவள் பார்க்கவில்லை. கால் எலும்பு முறிந்து, படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனது. நான் கோயிலை ஒட்டிய மாதா கெபியில் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கால் சரியாக வேண்டும் என்றுதான். அந்த ஆறு மாதம் அவள் கட்டிலிலும் நான் மெஷினிலுமாக மூன்று தட்டுப் புத்தகங்களை முடித்தோம். இடது ஓரத்தில் வைத்த துணியை அவள் பார்க்கவே மாட்டாள். டம்ளரைத் தட்டிவிடுவாள். மதியம் அவள் தூங்கும்போது, அவள் மாற்றி அடுக்கியிருந்த துண்டுகளை நான் ஒழுங்குபடுத்தி வைத்துவிடுவேன். அவள் மனம் நோகக் கூடாது என்று.

கிறிஸ்துமஸுக்குள் புத்தக எழுத்து அவள் கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டது. ஈஸ்டர் முடிந்ததும் நானே மதுரைக்குக் கூட்டிப்போனேன். நரம்பு செத்துவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். வேறு டாக்டர். மருந்து ஒழுங்காக விட்டீர்களா என்று கேட்டார்.

பெனிட்டா முந்திக்கொண்டாள். "எங்கத்தை ஒரு நாளும் தவற விட்டதில்ல சார். நா மறந்தாலும் அவுக மறக்க மாட்டாக." திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு போர்வையை அவள் விரலுக்கு ஏற்றபடி மாற்றினேன். ஒரு புத்தகம் வெல்வெட், ஒன்று பட்டு, ஒன்று சொரசொரப்பான சணல். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துச் சொல்வாள். எல்லாத் தட்டையும் இணைத்தபின் காகிதத்தைக் கிழித்தெடுக்க உட்கார்ந்தேன். அவள் போர்வையை மடியில் இழுத்து வைத்துக் கசக்கிப் பார்த்தாள்.

"பக்கம் திருப்புற மாதிரியே கேக்குது அத்தை. காயிதத்த எடுக்க வேணாம்."

அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். எப்படி மறுப்பேன். பஞ்சை வைத்து, பின்துணியைப் போட்டு மூடித் தைத்துவிட்டேன். தினமும் மதியம் அதைப் போர்த்திக்கொண்டு அலமாரியை வாசிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வைத்திருந்த கதைப் புத்தகங்களை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவேன். என் ஆங்கிலம் மோசம். அவள் திருத்துவாள். வீட்டில் ஓயாமல் பேச்சுக் குரல் கேட்டது.

முந்தாநாள், ஊர்த் திருவிழாவுக்குத் தேனியிலிருந்து பிரின்சி வந்தாள். பெனிட்டாவோடு காலேஜில் படித்தவள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். போர்வையின் ஓரம் பிரிந்திருந்ததாம். "ஏய், இதுக்குள்ள ஒம் பேரு போட்டிருக்குடீ" என்று அவள் சிரித்தது அடுப்படிக்குக் கேட்டது. நான் மூன்று டம்ளரோடு வந்தேன்.

"படி" என்றாள் பெனிட்டா.

பிரின்சி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். நெருங்கிய தையல், ஓர் எழுத்துகூடக் கிழியவில்லை. மூன்றாக வெட்டியதை, ஓரங்களைத் தடவித் தடவிப் பெனிட்டாதான் தரையில் பொருத்தினாள். உடனே வரவும். மருந்தைத் தொடர்கிறீர்களா. தாமதித்தால் பார்வை முற்றிலும் போகலாம். பிரின்சி வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் பெனிட்டா தேதி மட்டும் கேட்டாள். டீ ஆறியது.

"அத்தை, சொட்டு மருந்து?"

அவளிடம் நான் பொய் சொல்ல விரும்பவில்லை. "வெந்நி ஆறவச்சதுதான் ஆத்தா. சுத்தமான தண்ணி."

தரையில் இருந்த தாள்களைத் தடவி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "நா போயிருவேன்னுதான?" என்றாள்.

"ஆமா."

"திரும்பி வந்திருப்பேன் அத்தை."

சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிரின்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போர்வையை எடுக்கவில்லை. அன்றைக்கே அவளோடு தேனிக்குப் போய்விட்டாள். மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே, என் தம்பி மகள் பெனிட்டாவின் மருந்தை நான்தான் மாற்றினேன். பதினான்கு மாதம். கடிதங்களை மறைத்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை, புத்தி சுவாதீனத்தோடுதான் செய்தேன். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விண்ணப்பம் மட்டும். அவள் சாட்சி சொல்ல வரும் நாளில் கோர்ட்டில் கூட்டமாக இருக்கும். அங்கே படிகள் உயரம். பிரின்சி சின்னப் பெண், வேகமாக நடப்பாள், இவளுக்கு எந்தப் பக்கம் கை கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு மட்டும் என்னைக் கொஞ்சம் முன்னாலேயே கூட்டிவந்து வாசலில் நிறுத்துங்கள். நான் கையைப் பிடித்துக் கூண்டுவரை கொண்டுபோய் விடுகிறேன். என்னைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்.