தொடாத சூத்திரத் தாள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் திருமதி இமோஜீன் ராட்லிஃப் அவர்களே, முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து வீற்றிருக்கும் பெரியோர்களே, வேலைச் சீருடையோடே விரைந்து வந்திருக்கும் தாய்மார்களே, விட்ட படிப்பை விரட்டிப் பிடித்து, பள்ளி இறுதிக்கு நிகரான தேர்வில் வென்று, இன்று அங்கி அணிந்து அமர்ந்திருக்கும் எங்கள் கென்டக்கி மலைநாட்டு மாணவ மாணவியரே, வணக்கம்.

பன்னிரண்டு ஆண்டுகளாக உங்களுக்குக் கணிதம் கற்பித்த கிளைட் நேப்பியர் பேசுகிறேன். கற்பித்தேன் என்றா சொன்னேன்? அந்தக் கர்வம் கவிழ்ந்த கதையைக் கேளுங்கள்.

டெல்சி கோம்ப்ஸ். முதியோர் இல்லத்தில் பத்தொன்பது ஆண்டுகள் படுக்கை விரிப்புகளைத் துவைத்தவர். செவிலியர் பயிற்சியில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்டுக்குள் கணிதம் தேறாவிட்டால் அந்த இடம் பறிபோகும். தேற வேண்டிய மதிப்பெண் நூற்று நாற்பத்தைந்து. முதல் முறை நூற்று நாற்பத்து மூன்று. அடுத்த முறை நூற்று நாற்பத்து நான்கு. மூன்றாம் முறை மறுபடியும் நூற்று நாற்பத்து மூன்று. வகுப்பில் வெளுத்து வாங்குகிறவர் தேர்வில் ஏன் வழுக்கி விழுகிறார்?

மாதிரித் தேர்வன்று அவர் பின்னால் போய் நின்றேன். உருளையின் கன அளவைக் கேட்டிருந்தார்கள். கணினித் திரையின் மூலையில் ஒரு பொத்தான். அமுக்கினால் சூத்திரத் தாள் விரியும். டெல்சி அதைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நினைவில் துழாவிக்கொண்டிருந்தார்.

"டெல்சி, அந்தத் தாளைத் திறக்க வேண்டியதுதானே?"

"மாட்டேன் சார். பதினாறு வயசுல பிட் வெச்சிருந்து மாட்டிக்கிட்டேன். அத்தனை பேர் முன்னாடி எழுப்பி வெளிய அனுப்பினாங்க. அதோட போச்சு படிப்பு."

"இது பரீட்சை நடத்துறவங்களே குடுக்கிறது."

"அப்படித்தான் ஆசை காட்டுவாங்க சார். யாரு திறக்கிறான்னு பார்ப்பாங்க."

வகுப்பைப் பார்த்து, "வேற யாரெல்லாம் இதைத் திறக்கிறதில்ல?" என்றேன். பதினொரு பேரில் ஏழு கைகள் எழுந்தன. ஏழு, அவையோரே, ஏழு.

லாரி ஓட்டும் வெர்னன் கேட்டார்: "பார்த்து எழுதினா அதுக்குப் பேரு படிப்பா சார்?"

என்ன வெர்னன், அங்கே உட்கார்ந்து சிரிக்கிறீர்களா? முதலில் எழுந்ததே உங்கள் கைதான்.

பின்னம் கற்பித்தேன், பெருக்கம் கற்பித்தேன், சரிவும் சமன்பாடும் கற்பித்தேன். அந்தத் தாளைப் பார்க்கலாம் என்று கற்பித்தேனா? பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் அந்தப் பொத்தானுக்கு அஞ்சியே தோற்றார்கள்? எத்தனை பேர் திரும்பி வராமலே போனார்கள்? கணக்கு ஏறாத தலைகள் என்றல்லவா அவர்களை நினைத்தேன்? அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜூலையில் நான்காம் முறை. தேர்வறையில் டெல்சி கை தூக்கிக் கண்காணிப்பாளரைக் கேட்டாராம்.

"இதை நான் பார்க்கலாமாங்க?"

"உங்களுக்காகத்தாங்க வெச்சிருக்கு."

"நிஜமாத்தானே?"

"பாருங்கம்மா, நேரம் போகுது."

நூற்று ஐம்பத்தொன்று. அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். கைதட்டல் போதும், அவருக்கு நாளைக் காலை ஏழு மணிக்குப் பயிற்சி வகுப்பு.

மேடை ஏறினால் குறிப்பின்றிப் பேசுவதே பெருமை என்று இருந்தவன் நான். இதோ என் கையில் இருக்கும் காகிதம். இன்று முதல் சொல்லிலிருந்து இதைப் பார்த்தே பேசினேன். டெல்சி, நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். யாரும் நம்மை எழுப்பி வெளியே அனுப்பவில்லை.

பொறுமையோடு செவி கொடுத்த அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.