தரையோடு எரிந்த விளக்குகள்

இரவு பதினொன்றரை இருக்கும். தென்னேரி ஏரிக்கரைச் சாலை. முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது.

இது நம் லோகேஷின் அப்பா கலியாணசுந்தரத்துக்கு நடந்தது. அவனிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டான். அவர் பட்டு நெய்கிறவர். அன்றைக்குக் கார் ஓட்டியவர் அவர். பக்கத்தில் அவருடைய சித்தப்பா காசிநாதன். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் குண்டு விமானம் ஓட்டிப் பதக்கம் வாங்கியவர். ஏதோ பள்ளி ஆண்டு விழாவில் மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள். பதக்கம் இன்னும் சட்டையில்.

"தூங்கசொல்லோவாவது அத்த கழட்டுவியா சித்தப்பா?" என்று இவர் கிண்டல் செய்தார். கிழவர் சிரிக்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரி வற்றிக் கிடந்தது. அதன் நடுவில் விளக்குகள்... வரிசையாக, தரையோடு தரையாக. கூடவே சத்தம். டக்... டக்... தறி ஓடுகிற சத்தம். பிறகு நாற்றம். பட்டு கருகினால் மயிர் கருகுகிற நாற்றம்தான் வரும். அது.

"நிறுத்துப்பா."

நிறுத்தினார். எந்த மேடையிலும் சொல்லாததைக் கிழவர் அப்போது சொன்னார். போரில் ஒரு ராத்திரி, குண்டு போட வேண்டிய குறி ஒரு ரயில் நிலையம். தாழப் பறந்தார். நிலையத்தை ஒட்டி இதே மாதிரி விளக்குகள். விமானத்தில் கூட இருந்தவர் ரயில் பெட்டிகள் என்றார். தறிக்காரர் பிள்ளையான காசிநாதனுக்குத் தெரியாதா... குழியில் காலை விட்டு நெய்கிறவன் விளக்கைத் தரையை ஒட்டித்தான் வைப்பான்.

"தெரிஞ்சிதான் பட்டனை அழுத்தினேன். அதுக்குக் குடுத்ததுதான் இந்தப் பதக்கம்."

கதவைத் திறந்தார். "மன்னிப்பு கேட்டுக்கினு வந்துடறேன். நீ வராத."

கலியாணசுந்தரம் போகவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம்... இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்.

கிழவர் விளக்குகளிடம் போய்ச் சேர்ந்ததும் எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி டக்... டக்... நெய்கிறவர் காது ஏமாறாது. ஒரு தறி கூடுதல். புதுக்கால், தடுமாறி மிதிக்கிறது. விடிய விடியக் கேட்டது. போகப் போகத் தடுமாற்றம் குறைந்தது.

விடிந்தபோது வெறும் மண். நடுவில் காசிநாதன் கிடந்தார். உயிர் இல்லை. ஒரு கீறலும் இல்லை.

உடம்பைக் குளிப்பாட்டியபோது கலியாணசுந்தரம்தான் காலைப் பிடித்தார். வாழ்நாளெல்லாம் பூட்ஸ் போட்ட கால். ஒரு நாள்கூடத் தறியில் உட்காராத கால். பெருவிரலுக்குக் கீழே தோல் காய்த்திருந்தது... மிதிகட்டையை மிதித்து மிதித்து வருகிற காய்ப்பு. இவர் தன் காலைத் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருஷமாக நெய்கிறார்.

இவர் காய்ப்பு அதில் பாதிகூட இல்லை.