பொட்டு வைத்த புங்கங்கன்று

ஈஜிபுராவிலிருந்து வைட்ஃபீல்ட் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் தோட்டவேலைக்கான பச்சைக் கோட்டு போட்டிருந்தாள்.

"செத்த மரம்னு சொன்னாங்களே, அதுக்கு நான்தான்க்கா பொட்டு வெச்சேன்" என்றாள். கையிலிருந்த போனை மடியில் வைத்துவிட்டேன்.

"எந்த மரத்துக்குடி?"

"எங்க அபார்ட்மென்ட் கேட்டாண்ட புங்கங்கன்னுக்கு. தை மாசம் இலையெல்லாம் கொட்டி குச்சியா நின்னுச்சு. செக்ரட்டரி சார் பாத்துட்டு, செத்துப் போச்சு, நாளைக்கே புடுங்கிட்டு சிமெண்ட் தொட்டி வெச்சிடுன்னாரு."

"அது கொட்டுற காலம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! நகத்தால பட்டையக் கீறி உள்ள பச்சையா இருக்கறதக் கூட காட்டினேன். உனக்கென்னம்மா தெரியும்னுட்டாரு. மறுநாள் அவர் வாக்கிங் வர்றதுக்குள்ள மஞ்சள் தடவி, குங்குமம் வெச்சு, மஞ்சக் கயிறும் கட்டிட்டேன். அப்புறம் எவன் கை வைப்பான்?"

"அடிப்பாவி! சார் என்ன சொன்னாரு?"

"ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வாக்கிங் போயிட்டாரு. பங்குனியில தளதளன்னு துளிர் விட்டுச்சுக்கா. ஒத்தக் குச்சியா நின்னது, இப்ப நாலு பக்கமும் கிளை. நேத்து சார் செருப்பக் கழட்டி வெச்சுட்டு, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு!"

மூத்தவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அது சரி, இன்னிக்கு பையில என்னடி பொட்டலம்?"

"பின் கேட்டாண்ட அத்திக்கன்னு ஒண்ணு இப்பதான் இலை கொட்ட ஆரம்பிச்சிருக்கு. சார் கண்ணுல படறதுக்குள்ள குங்குமம் வெச்சிடணும்க்கா."