சாட்சியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த வக்கீலம்மாவுக்கு

ஊரே கைகழுவிய மனிதருக்கும் ஒரு வாய் உண்டு, அதைக் கேட்க ஒரு செவி வேண்டும் என்று வாதாடிய வழக்குரைஞரே! சட்டத்தின் சந்துபொந்தெல்லாம் அறிந்திருந்தும் சந்து வழியே தப்பிக்க எவருக்கும் சொல்லித் தராத சான்றாண்மையே! கோப்பில் ஒரு காகிதம் இடம் மாறினாலும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, அந்த ஒரு செய்கையாலேயே எங்களைக் கதிகலங்க வைத்த எங்கள் வக்கீலம்மா! இன்று பணி நிறைவு பெறும் தங்களுக்கு, தங்களிடம் திட்டு வாங்கித் தேறிய சட்ட உதவி மைய ஊழியர்கள் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல் இது.

பாலியல் குற்ற வழக்கு என்றாலே மற்றவர் முகம் சுளித்து ஒதுங்கிய காலத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நின்றவர் தாங்கள். அதற்காகத் தாங்கள் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. "உனக்கு எப்படிடி மனசு வருது?" என்று தங்கள் அக்காவே இந்த அலுவலக வாசலில் நின்று கேட்டார். "அவன் செஞ்சானான்னு இன்னும் யாருக்கும் தெரியாதே அக்கா. தெரிஞ்சுக்கத்தானே கோர்ட்டு இருக்கு?" என்றீர்கள். அக்கா தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதற்காகத் தாங்கள் கட்சிக்காரர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவரும் அல்லர். "அந்தப் பொண்ணு வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லலையே மேடம்" என்று பல்லிளித்த ஓர் இளைஞனைத் தாங்கள் பார்த்த பார்வை எங்களுக்கு மறக்காது. "பயத்துல வாயடைச்சு நிக்கிறது சம்மதம் இல்ல. சட்டமும் அப்படித்தான் சொல்லுது, நானும் அப்படித்தான் சொல்றேன். வேற ஏதாவது நியாயம் இருந்தா சொல்லு, இல்லன்னா குத்தத்தை ஒத்துக்கிறதைப் பத்திப் பேசலாம்" என்றீர்கள். அவன் சிரிப்பு அத்தோடு நின்றது.

தங்கள் வேலைமுறை வேறெந்த அலுவலகத்திலும் நாங்கள் காணாதது. பாதிக்கப்பட்ட பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்யுமுன், கேள்விகளை எழுதி நம் தட்டச்சர் அம்மாவின் கையில் கொடுப்பீர்கள். அவர் வக்கீல், தாங்கள் சாட்சி. மூலையில் கிடக்கும் நாற்காலியில் தாங்கள் உட்கார, அவர் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார். வழக்குக்கு உதவாமல் வெறுமனே சுடுகிற கேள்வி எதுவோ, அதை அங்கேயே அடித்துவிடுவீர்கள். தட்டச்சர் அம்மா அந்த வேடத்தில் சற்று அதிகமாகவே லயித்துவிடுவார் என்பதும், ஒருமுறை தங்களையே அழவைத்துவிட்டார் என்பதும் இந்த அவைக்குத் தெரிந்தால் தவறில்லை.

அந்த முறையின் அருமையை எங்களுக்குக் காட்டியது லிஃப்ட்காரர் வழக்கு. மருத்துவமனையில் மின்சாரம் போன நேரம், இருண்ட படிக்கட்டில் ஒரு பயிற்சிச் செவிலியை எவனோ பிடித்துச் சீரழிக்கப் பார்த்தான். முகம் தெரியவில்லை, குரலை வைத்து அவள் லிஃப்ட்காரரை அடையாளம் காட்டினாள். "பயப்படாதே, இப்போது கரண்ட் வந்துவிடும் என்று மிரட்டினான்" என்பது காவல்துறை எழுதிய வாக்குமூலம். தாம் அப்போது நின்றுபோன லிஃப்டுக்குள், சக்கர நாற்காலியில் இருந்த முதியவர் ஒருவருடன் மாட்டிக்கொண்டிருந்ததாக லிஃப்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அந்த முதியவரோ வழக்கு வருமுன்பே கண்மூடிவிட்டார். தண்டனை கிடைத்தால் லிஃப்ட்காரருக்குப் பல ஆண்டுச் சிறைதான்.

அவருடைய மைத்துனர் தங்கள் மேசையைத் தட்டிச் சத்தம் போட்டார். "அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே ஒருத்தனோட பழக்கம் இருந்துச்சாம் மேடம். அதைக் கேளுங்க, கேஸே முடிஞ்சுடும்!"

"அவ யாரோட பழகினா என்ன? படிக்கட்டுல கை வெச்சவனுக்கு அது அனுமதிச் சீட்டா? சட்டம் கேட்கக் கூடாதுங்குது. கேட்கலாம்னு சொன்னாலும் நான் கேட்க மாட்டேன்."

ஒத்திகையில் தாங்கள் மீண்டும் அந்தப் பெண்ணாக அமர்ந்தீர்கள். "குரல் எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு?" என்று தட்டச்சர் அம்மா கேட்டபோது பதில் தெரியாமல் விழித்தீர்கள். உடனே கிளம்பி, அந்தப் படிக்கட்டிலேயே போய் நின்றீர்கள். பக்கத்துச் சுவரின் திறப்பு வழியே, லிஃப்டின் கம்பிக் கதவுக்குள் பேசுவதெல்லாம் காதோரம் பேசுவதுபோலக் கேட்டது.

நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணைத் தாங்கள் பொய்க்காரி என்று சொல்லவில்லை. "உனக்கு நடந்தது நடந்ததுதாம்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அந்தக் குரல் சொன்னதை மட்டும், ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லு" என்றீர்கள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "பயப்படாதீங்க பெரியவரே, கையைக் கம்பிக்குள்ள விடாதீங்க, இப்ப கரண்டு வந்துடும்." சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள். "பெரியவரேன்னு என்னை ஏன் சொல்லணும்? அப்போ... என்னைத் தொட்டவன் பேசவே இல்லையா?" "அப்போ அவன் யாரு?" என்று அவள் தங்களைப் பார்த்தே கேட்டாள்.

லிஃப்ட்காரர் விடுதலையாகி நன்றி சொல்ல வந்தார். பேச்சுவாக்கில், மின்சாரம் போவதற்குச் சற்று முன் ஜெனரேட்டர் பழுது பார்க்கிறவனைச் சம்பவம் நடந்த மாடியில்தான் இறக்கிவிட்டதாகச் சொன்னார். தாங்கள் எழுந்தே நின்றுவிட்டீர்கள். "இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, மிச்சத்துக்கு வாயே திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

கட்சிக்காரரைக் காக்க எல்லா வழக்கறிஞரும் போடுகிற வாய்ப்பூட்டுதான் அது. அது ஓர் உண்மையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. அன்றே லிஃப்ட்காரரை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனீர்கள். தேடல் சரியான ஆள் பக்கம் திரும்பியதும் சான்றுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவனுக்காக வாதாட யாரும் முன்வராதபோது, வெளியிலிருந்து ஒரு நல்ல வழக்கறிஞர் கிடைக்கவும் தாங்களே அலைந்தீர்கள். எங்களுக்கு அன்று தங்கள் மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. இருந்தும், முறையாக வாதாடி முறையாகக் கிடைத்ததால், அவனுக்குத் தண்டனை தந்த அந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டிலும் எவராலும் அசைக்க முடியவில்லை.

தீர்ப்புக்குப் பின் அந்தச் செவிலியைத் தேடிப் போனீர்கள். உடன் வந்த தட்டச்சர் அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "லிஃப்ட்காரர்கிட்ட நான் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா, நீ இவ்வளவு நாள் தவிச்சிருக்க மாட்டே. என்னை மன்னிச்சுடும்மா" என்றீர்களாம்.

அவள் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "போலீஸ்ல பாதி எழுதிக்கிட்டாங்க. வீட்ல மெதுவாப் பேசுன்னாங்க. எனக்கு எதிரா நின்ன நீங்க ஒருத்தர்தான் மேடம், நான் சொன்னதை முழுசாக் கேட்டீங்க."

தாயே! இதைவிடப் பெரிய பாராட்டை எழுத எங்களுக்குத் தமிழ் போதவில்லை. நோயின்றி, மனக்கவலையின்றி நெடுங்காலம் வாழ்வீர்களாக! இனியாவது தேநீரை ஆறுமுன் குடிப்பீர்களாக! அக்காவோடு உட்கார்ந்து குடிப்பீர்களாக!

என்றும் தங்கள் அன்புக்கும் அதட்டலுக்கும் உரிய,
சட்ட உதவி மைய ஊழியர்கள்