உயரமான கார் வந்த வழி

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கல் உடைக்கப் போனவன் நான். செஞ்சியில் மாடி வீடு கட்டினேன், அரிசி ஆலை வைத்தேன், யாருமே வரமாட்டார்கள் என்ற இடத்தில் கல்யாண மண்டபம் எழுப்பினேன். அப்படிப்பட்டவன் நேற்று அவலூர்பேட்டை பஸ்ஸில் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"தாழ்வான காரையே கம்பெனிக்காரன் நிறுத்தினு வரானாம். கோடி ரூபா காருகூட இப்ப உசரமாத்தான் வருது," என்றார் கணவர்.

"நல்லதாப் போச்சு. முட்டி ஆபரேஷன் பண்ணதுலேந்து எங்க நைனாவால தாழ்வான கார்ல குந்தி எழுந்திருக்க முடியல. மாதா கோயில் பூசைக்குப் போயே எத்தினி மாசம் ஆவுது."

"எனக்கு நீட்டு டிக்கி வச்ச காரு மேலதான் ஆசை."

"ஆசைப்படுங்க. வல்லம் ரோட்டு வேகத்தடை ஒவ்வொண்ணும் மாட்டுத் திமிலு மாதிரி நிக்குது. அடி தட்டும்னு ஒவ்வொரு தடவையும் நைனாவ எறக்கி நடக்க வுடுவீங்களா?"

கணவர் சிரித்துவிட்டார். "சரி, உசரமானதையே புக் பண்ணிடலாம். ஞாயித்துக்கிழமை உங்க நைனா முன் சீட்டுல குந்தினு பூசைக்கு வரட்டும்."

அந்த வேகத்தடைகளைப் போட்ட காண்ட்ராக்டர் நான்தான். ஜனங்கள் உயரமான கார் கேட்டதால் கம்பெனிகள் மாறின என்றால், ஜனங்களைக் கேட்க வைத்தவன் பெயரையும் கம்பெனிகள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.