லிங்கத்துக்கு ஒரு சொல்

இந்த மாலைநேர ஆங்கில வகுப்பைத் தொடங்கிவைக்க வந்திருக்கும் தலைவர் ஜானி பாஷா அவர்களே, வேங்கிக்கால் பெரியோர்களே, வேலை முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என்னைக் கடைசிப் பேச்சாளராகப் போட்ட விழாக் குழுவினரே, அனைவருக்கும் இந்தச் சகாதேவனின் வணக்கம்.

நான் படித்த பள்ளி எது? பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை. என் ஆசிரியர் யார்? லாட்ஜில் நான் துணி துவைத்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன அகராதி. வழியில் லிங்கங்கள் எட்டு. லிங்கத்துக்கு ஒரு சொல். இந்திர லிங்கத்தில் ஒன்று, அக்னி லிங்கத்தில் ஒன்று என்று நடந்து, ஈசான்ய லிங்கம் சேரும்போது எட்டுச் சொல்லும் பொருளோடு என் வாயில் இருக்கும். முணுமுணுத்துக்கொண்டு போனவனைப் பைத்தியம் என்றது இந்த ஊர். பின்வரிசையில் சிரிக்கிறீர்களே, அன்று சிரித்ததும் நீங்கள்தான்.

போன ஆண்டு, அடி அண்ணாமலையில் பாதையோரம் சொந்த இடத்தில் கடை வைத்திருக்கும் பதினோரு பேரிடம், மனை வியாபாரி ஒருவரின் ஆள் ஆங்கிலத் தாளை நீட்டினான். "சும்மா பேர் பதியறதுதாம்மா, கையெழுத்துப் போடுங்க" என்றான். பூக்கடை தங்கம்மாள் மட்டும் கை நீட்டவில்லை. "சகாதேவண்ணன் படிக்கட்டும்" என்றார்.

படித்தேன். மூன்றாம் வரியில் நின்றேன். 'ரிலிங்க்விஷ்'. குபேர லிங்கத்தில் மனப்பாடம் செய்த சொல். உரிமையைத் துறத்தல் என்று பொருள். கையெழுத்துப் போட்டால் கடை இடம் கைவிட்டுப் போகும் என்றேன்.

"இன்னாம்மா, பெரிசு பேச்சை நம்புறீங்க?" என்றான் வியாபாரியின் ஆள்.

"அப்ப நீ படிச்சு அர்த்தம் சொல்லு" என்றார் தங்கம்மாள்.

அவனுக்கே படிக்கத் தெரியவில்லை; கையெழுத்து வாங்காமலே தாளைச் சுருட்டிக்கொண்டு போனான். பதினோரு கடையும் இன்றும் நிற்கின்றன. காத்தது எது? காசா? கட்சியா? கற்ற சொல். கால் கடுக்கக் கற்ற ஒற்றைச் சொல்.

அந்தத் தங்கம்மாள் நேற்று இந்த வகுப்பில் சேர வந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள், குழுவினரே. "அடுத்த தாளை நானே படிக்கணும்ணா. நீங்க இன்னும் எத்தினி நாளைக்கு இருப்பீங்க?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

அகராதி என்னிடம் சான்றிதழ் கேட்டதா? அண்ணாமலை கேட்டதா? நீங்கள் யார் கேட்பதற்கு?

என்ன தம்பி, நேரமாகிறதா? ஆகட்டும். பதிவேடு அந்த மேசையில் இருக்கிறது. தங்கம்மாள் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் பெயர் ஏறாமல் இந்த மைக்கை விட்டு நகரமாட்டேன்.

தலைவர் சிரிக்கிறார். சிரிப்பு போதாது பாய், எழுதுங்கள். சான்றிதழ் என்ற கட்டத்தில் கோடு போட்டுவிடுங்கள்.

எழுதிவிட்டார். தாய்மார்களே, முதல் பெயர் தங்கம்மாள். அடுத்தவர் எழுந்து வரலாம். எழுதிய கைக்கும், என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கும் நன்றி கூறி, வணங்கி இறங்குகிறேன்.