பாலம் தாண்டி ஒரு முத்திரை

— அந்தப் பக்கம் போகாம இதை முடிக்க வழியே இல்லையாண்ணே?

— எத்தனை தடவைடா கேப்பே, பைங்? சியாங் மாய்ல பஸ் ஏறினதுலேர்ந்து இதே பாட்டு. மொழிப் பள்ளிக்கூட ஆபீஸ்ல மூணு வருஷமா உங்க விசாக் காகிதத்தைப் பாக்கறவன் நான். உங்க வகுப்புக்கு இனிமே நாட்டுக்குள்ள இருந்துக்கிட்டே நீட்டிப்பு கிடையாது. வெளியே போய் முத்திரை வாங்கிட்டுத் திரும்பணும். புது விதி.

— தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடி, வகுப்புக்கு ஒழுங்கா வந்தாப் போதும்னாங்க. காய்ச்சலோட வந்து உக்காந்தேன். அப்புறம் பரீட்சைன்னாங்க. பரீட்சை வெச்ச அந்தம்மா கேட்டதுக்கெல்லாம் தாய்லாந்து மொழியிலயே பதில் சொன்னேன். இப்ப இது.

— விதி போடறவனுக்கு உன் காய்ச்சலா தெரியும்?

— அங்கே நம்ம நாட்டுல என் வயசுப் பசங்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறாங்கண்ணே.

— போன வாரம் நாலு பேரைக் கூட்டிட்டு வந்தேன். அந்தப் பக்கம் ஒரு கிண்ணம் மீன் நூடுல்ஸ் தின்னுட்டு, பல்லைக் குத்திக்கிட்டே திரும்பி வந்தானுங்க.

— நீங்களும் கூட வாங்களேன்.

— எனக்கு வேலை விசாடா. நான் தாண்டினா திரும்ப விட மாட்டான். இன்னிக்கு உனக்குக் கடைசி நாள். நாளைக்கு இங்கே மாட்டினா, விலங்கு போட்டு இதே பாலத்துலதான் தள்ளுவான். அது தேவலையா?

— வேணாம்ணே. நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. அக்காகிட்டகூட இன்னும் சொல்லல. முத்திரை விழட்டும்னு இருக்கேன்.

— நல்ல காரியம் பண்ணினே. போனைக் கொடு. அங்கே முதல்ல அதைத்தான் நோண்டுவாங்க. மூஞ்சியில கொஞ்சம் சிரிப்பு வெச்சுக்கோ.

— நீங்க இல்லேன்னா என்ன பண்ணியிருப்பேனோ. பேச்சு வருது. ஆனா அந்த அரசாங்க எழுத்தைப் படிச்சா ஒண்ணும் விளங்க மாட்டேங்குது.

— சரி சரி, வரிசை நகருது பாரு. போ. திரும்பிப் பாக்காம நட.

— வர்றேண்ணே.

— ...அம்மா, நான்தான், சிட் கோ. பையன் பாலத்துல ஏறிட்டான். சாம்பல் கலர் சட்டை. அந்தப் பட்டாளத்து ஆளுகிட்டச் சொல்லிடு. ஆளுக்கு ஆள் கொடுத்தாச்சு. நம்ம ஹெய்னைப் பட்டாளத்துலேர்ந்து இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும்.

— என் கண்ணு! என் சின்னப் புள்ளை வந்துடுவானா! ...ஏண்டா, அவனையும் ஒருத்தி பெத்திருப்பாளே. எப்படியும் அவனை அங்கேர்ந்து துரத்தத்தானே போறாங்கன்னு சொன்னியே, அது நிசந்தானே?

— அந்த விதியை வெள்ளிக்கிழமையே திரும்ப வாங்கிட்டாங்கம்மா. பலகையில ஒட்டச் சொல்லி அறிவிப்பை என் கையிலதான் கொடுத்தாங்க.